ஆள் இல்லாவிட்டாலும் கவுண்டர் திறக்க வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காகச் சில இடங்களில் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



தலைப்பைப் பார்த்துவிட்டு, இது வங்கி ஊழியர்களின் வேலைநிறுத்தம் பற்றிய பேச்சு என்று யாரும் பயப்பட வேண்டாம். நம் சங்க அலுவலகத்தில் இருக்கும் சின்ன கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, முதலில் லெட்ஜரிலும் பிறகு கீபோர்டிலும் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அதனால் நான் சொல்வது எல்லாம் கவுண்டர் மொழியிலேயே இருக்கும். நம் குடியிருப்பில் சாப்ட்வேர் துறைப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் மற்றவர்களுக்கும் இது தெரிய வேண்டும் என்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம். ஏன் என்று போகப் போகப் புரியும்.

பெட்டியும் அதன் வாசலும்

அலுவலக அறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்கு ராஸ்பெரி பை என்று பெயர். லினக்ஸில் ஓடும் முழுமையான கம்ப்யூட்டர் அது. பராமரிப்புக் கட்டண விவரம், சம்ப்பின் நீர்மட்டம், தண்ணீர் லாரி முறைப் பட்டியல், புகார் பதிவேடு ஆகிய நான்கையும் நீங்கள் போனில் பார்க்கிறீர்களே, அந்தப் பக்கம் இந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது.

இந்தப் பெட்டிக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தைப் பார்க்க வருகிற நீங்கள் ஒரு வகை. பெட்டியைச் சரிபார்க்க வெளியிலிருந்து உள்ளே நுழைகிற பராமரிப்பாளர் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் இரண்டு கவுண்டர்.

இணையத்தில் ஒரு முகவரிக்குள் 65,535 கவுண்டர்கள் வைக்கலாம். போர்ட் என்பார்கள். பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443-ஆம் எண். பராமரிப்பாளர் நுழையும் எஸ்.எஸ்.ஹெச். என்ற முறைக்கு 22-ஆம் எண். இந்த 22-க்கு ஒரு கதை உண்டு. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த டாட்டு யிலோனென் என்பவர், கடவுச்சொற்களை வழியிலேயே திருடுவதைத் தடுக்க எஸ்.எஸ்.ஹெச். முறையை உருவாக்கினார். அதுவரை அந்த வேலைகளைச் செய்த எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவில் 22 காலியாக இருந்தது. கேட்டார், கொடுத்துவிட்டார்கள். வங்கியில் காலியாக இருக்கும் லாக்கர் எண்ணைக் கேட்டு வாங்குவதுபோலத்தான்.

சரி, இரண்டு கவுண்டர் இருக்கிறதே, பிறகு என்ன பிரச்சினை? ஆஸ்பத்திரி, ஹோட்டல், விடுதி போன்ற இடங்களில் கொடுக்கும் வைபையில் பெரும்பாலும் இணையப் பக்கங்களுக்கான எண்களை மட்டும்தான் திறந்து வைப்பார்கள். 22-க்குப் போகிற வழியை அடைத்துவிடுவார்கள். நம் பராமரிப்பாளர் வெளியூரில் இருக்கும்போது பெட்டியில் ஏதாவது கோளாறு என்றால், அவரால் உள்ளே வரவே முடியாது. எனவே அவரையும் 443 வழியாகவே வரச் சொல்லலாம். (உங்கள் கம்பெனி நெட்வொர்க் ஒரு வழியை அடைத்திருந்தால் அது கம்பெனியின் விதி. அதைத் தாண்டிப்போக நான் வழி சொல்லவில்லை. இது நம் பெட்டிக்கு நாம் போட்டுக்கொள்ளும் வாசல்.)

ஆனால் ஒரு கவுண்டரில் இரண்டு பேர் உட்கார முடியாது. ஒரு போர்ட் எண்ணை ஒரு புரோகிராம் எடுத்துக்கொண்டால், அடுத்த புரோகிராம் கேட்கும்போது “அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது” என்று லினக்ஸ் திருப்பி அனுப்பிவிடும்.

இங்கேதான் போர்ட் பகிர்வு ப்ராக்ஸி வருகிறது. நம் பெட்டியில் இருப்பது எஸ்.எஸ்.எல்.ஹெச். என்ற இலவச மென்பொருள். வங்கிக் கிளையில் நுழைந்தவுடன் “மே ஐ ஹெல்ப் யூ” என்று ஒரு மேஜை போட்டிருப்பார்களே, அதேதான். 443-இல் இது மட்டும் உட்கார்ந்திருக்கும். வருகிறவர் பேசும் முதல் சில எழுத்துகளைக் கவனிக்கும். எஸ்.எஸ்.ஹெச். ஆசாமி “எஸ்எஸ்ஹெச்-2.0” என்று பெயரைச் சொல்லிக்கொண்டே வருவார். பாதுகாப்பான இணையப் பக்கம் கேட்டு வருகிறவர் முதல் பைட்டாக 22 என்ற எண்ணை அனுப்புவார். அந்த 22-க்கும் 22-ஆம் கவுண்டருக்கும் சம்பந்தமில்லை. வெறும் ஒற்றுமை, குழம்ப வேண்டாம். சிலர் வந்து ஒன்றும் பேசாமல் நிற்பார்கள். சில எஸ்.எஸ்.ஹெச். புரோகிராம்கள் எதிர்த்தரப்பு முதலில் பேசட்டும் என்று காத்திருக்கும். எனவே சில நொடி பார்த்துவிட்டு, வாய் திறக்காதவரை எஸ்.எஸ்.ஹெச். பக்கம் அனுப்பிவிடும்.

முக்கியமான விஷயம், இந்த மேஜைக்காரர் கவரைப் பிரிப்பதில்லை. மேலே இருப்பதைப் பார்த்துச் சரியான கவுண்டருக்கு அனுப்புவதோடு சரி. உள்ளே இருக்கும் ரகசியம் ரகசியமாகவே போகும். இணையப் பக்கத்தைக் கொடுக்கும் புரோகிராமை 8443 என்ற உள் கவுண்டருக்கு மாற்றி வைத்திருக்கிறோம். எஸ்.எஸ்.ஹெச். தன் 22-இலேயே இருக்கிறது.

ஷட்டர் மூடிய கடை

ஏற்பாடு அருமையானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வாசலை ஒன்றாக்கிவிட்டோம். அந்த மேஜைக்காரர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து இரண்டு வழியும் அடைபடும். பக்கமும் தெரியாது, சரிசெய்ய வருகிறவரும் உள்ளே நுழைய முடியாது. உள்ளே கடைகள் திறந்துதான் இருக்கும். வாசல் ஷட்டர் மூடியிருக்கும்.

சென்ற கோடையில் நடந்தது அதுதான். இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தவர் சி பிளாக்கில் வாடகைக்கு இருந்த ஒரு இளைஞர். ஒரு பைசா வாங்காமல், தன் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துச் செய்தார். வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார். இணையப் பக்கத்துக்கான புரோகிராம் பெட்டி ஆன் ஆனதும் தானே ஓடும்படி இருந்தது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ப்ராக்ஸியை மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் கையால் கட்டளை அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நடுராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுக்க ஆகும் அந்தச் சில நொடியில் பெட்டி அணைந்து மறுபடி எழுந்தது. ப்ராக்ஸி எழவில்லை. காலையில் தண்ணீர் லாரி வாசலில் நிற்கிறது. முறைப் பட்டியல் திறக்கவில்லை. காகிதப் பதிவேட்டை நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டது. ஏ பிளாக் முறை என்று ஒரு கட்சி, பி பிளாக் முறை என்று ஒரு கட்சி. லாரி டிரைவர் அடுத்த டிரிப்புக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடிக்கிறார். அந்த இளைஞருக்கு போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறார். பதினொரு மணிக்கு அவர் கூப்பிட்டு ஒரே ஒரு வரியைச் சொன்னார். அடித்தோம், பக்கம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் இரண்டு வயதான தம்பதிகள் வீட்டில் குடத்துத் தண்ணீரை வைத்துச் சமையலை முடித்திருந்தார்கள்.

ஒரு வரிதான் வித்தியாசம். அந்த ஒரு வரி ஒருவர் தலைக்குள் இருந்தது. இன்று பேச வந்தது இதற்காகத்தான். ஆள் வந்தால்தான் ஓடும் என்ற வேலையை, ஆள் இல்லாமலே ஓடும் வேலையாக மாற்றுவது எப்படி? கம்ப்யூட்டர் மொழியில் அதற்கு டீமன் ஆக்குவது என்று பெயர்.

டீமன் என்றால் பேய் இல்லை

இந்தப் பெயர் 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்படோவின் குழுவினர் வைத்தது. அவர்கள் அதை எடுத்தது இயற்பியலிலிருந்து. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி 1867-இல் ஒரு கற்பனைக் காவலாளியைச் சொன்னார். இரண்டு அறைகளுக்கு நடுவில் சின்னக் கதவருகே ஓயாமல் நின்று, வேகமான அணுத்துகள்களை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் பிரித்து அனுப்புகிற ஆள். மேக்ஸ்வெல்லின் டீமன் என்று அது பெயர் பெற்றது. பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓயாமல் வேலை செய்யும் புரோகிராமுக்கு அந்தப் பெயர் பொருத்தமாக இருந்தது. வாசலில் நின்று இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்து அனுப்புகிற நம் ப்ராக்ஸிக்கோ அது இன்னும் பொருத்தம். மேக்ஸ்வெல்லின் பெயரிலேயே கிளார்க் இருப்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

கையால் கட்டளை அடித்து ஓட்டும் புரோகிராம், அந்தக் கறுப்புத் திரையின் பிள்ளை. டெர்மினல் என்பார்கள். திரையை மூடினால் “நான் கிளம்புகிறேன்” என்று ஒரு சமிக்ஞை போகும். பிள்ளையும் கூடவே மூட்டை கட்டிவிடும். இதைத் தவிர்க்க ஆட்கள் பல குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். கட்டளையின் கடைசியில் ஒரு “அண்டு” குறி போடுவது ஒன்று. பின்னணிக்குப் போகும், ஆனால் திரையோடு உறவு அறுவதில்லை. நோஹப் என்று முன்னால் சேர்ப்பது இன்னொன்று. கிளம்பும் சமிக்ஞையைக் காதில் போட்டுக்கொள்ளாது. டிமக்ஸ் என்ற கருவிக்குள் ஓட்டினால் திரையை மூடினாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இந்த மூன்றும் கரண்ட் போகும்வரைதான். பெட்டி அணைந்து எழுந்தால் மூன்றுமே காலி. கிரான் என்ற அட்டவணையில் “பெட்டி எழும்போது ஓட்டு” என்று எழுதி வைப்பது நாலாவது வழி. கரண்ட் வந்தால் ஓடும். ஆனால் நடுவில் அதுவாக விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

பழைய காலத்து யூனிக்ஸில், புரோகிராம் தன்னைத்தானே டீமனாக்கிக்கொள்ளும் ஒரு சடங்கு உண்டு. அதை ரேஷன் கார்டு கணக்கில் சொல்கிறேன். புரோகிராம் தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பிறப்பித்துவிட்டுத் தான் விலகிக்கொள்ளும். அந்தப் பிள்ளை பழைய குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கும். இனி அந்தத் திரைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் புதுக் கார்டில் அது குடும்பத் தலைவர். தலைவர் என்றால் பின்னால் ஒரு நாள் வேறொரு திரையோடு உறவு ஏற்பட்டுவிடலாம். எனவே அதுவும் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு விலகும். கடைசியில் மிஞ்சுவது பேரப்பிள்ளை. யாருக்கும் தலைவர் இல்லை, எந்தத் திரையும் அதைப் பிடிக்க முடியாது. அநாதையான அதைப் பெட்டியின் 1-ஆம் எண் புரோகிராம் தத்தெடுக்கும்.

இதோடு இரண்டு சில்லறை வேலைகளும் உண்டு. தான் நிற்கும் கோப்புறையை விட்டு ரூட் கோப்புறைக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் பென் டிரைவில் நின்றுகொண்டு ஓடும் புரோகிராம், அந்த பென் டிரைவை யாரும் முறையாகக் கழற்ற விடாது. தன் வேலை எண்ணை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் வம்பு பிடித்தது. கரண்ட் திடீரென்று போனால் அந்தக் கோப்பு அழியாமல் கிடக்கும். மறுபடி எழும்போது “812-ஆம் எண்ணில் ஏற்கெனவே ஓடுகிறது” என்று நம்பிப் புதிதாக ஓட்ட மறுத்துவிடும். 812 அன்றைக்கு வேறு யாரோ. போன வாரத்து டோக்கனை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற கதைதான்.

இன்றைய வழி

இப்போது பெரும்பாலான லினக்ஸ் பெட்டிகளில் அந்த 1-ஆம் எண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சிஸ்டம்டி. 2010-இல் அறிமுகமானது. நம் பெட்டியின் அடிப்படையான டெபியன் 2015-இல் வெளியிட்ட 8-ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் இயல்பாகத் தருகிறது. இதைக் கிளை மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊழியரை எப்போது உட்கார வைப்பது, விழுந்தால் யார் எழுப்புவது, யார் எந்தச் சாவியை வைத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நாம் செய்ய வேண்டியது ஒரு சின்ன உத்தரவுக் கடிதம் எழுதுவதுதான். யூனிட் பைல் என்று பெயர். பத்துப் பதினைந்து வரிதான். அதில் என்ன எழுதியிருக்கிறோம் என்று சொல்கிறேன்.

முதலாவது, எந்த புரோகிராமை ஓட்டுவது. இங்கே ஒரு நுணுக்கம். மேற்சொன்ன பேரப்பிள்ளைச் சடங்கெல்லாம் இப்போது வேண்டாம். மேனேஜர் தன் கண்முன்னே இருக்கும் ஊழியரைத்தான் கவனிப்பார். ஊழியர் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுத் தான் எழுந்து போனால், “வேலை முடிந்து போய்விட்டார்” என்று கணக்கை முடித்து, மிச்சம் இருப்பவரையும் வெளியேற்றிவிடுவார். எனவே ப்ராக்ஸியிடம் “பின்னணிக்குப் போகாதே, முன்னணியிலேயே இரு” என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னணியில் ஓட வேண்டிய புரோகிராமை முன்னணியில் ஓடச் சொல்வதா என்று முதலில் விசித்திரமாக இருக்கும். பின்னணிக்கு அனுப்புவது மேனேஜர் வேலை, அவ்வளவுதான்.

இரண்டாவது, யார் பெயரில் ஓட்டுவது. 1024-க்குக் கீழே உள்ள கவுண்டர்களை லினக்ஸில் வழக்கமாக ரூட் மட்டும்தான் திறக்க முடியும். ரூட் என்றால் ஸ்ட்ராங் ரூம் உட்பட எல்லாச் சாவியும் வைத்திருப்பவர். அதற்காக வாசலில் உட்காரும் ஆளிடம் ஸ்ட்ராங் ரூம் சாவியைக் கொடுப்போமா? ஊர் பேர் தெரியாதவர்கள் முதலில் பேசுவது அவரிடம்தான். எனவே வேறு எந்த உரிமையும் இல்லாத தனிப் பெயரில் அவரை ஓட்டி, “சிறிய எண் கவுண்டரைத் திறக்கலாம்” என்ற ஒரே ஒரு அனுமதியை மட்டும் கொடுக்கிறோம். யூனிட் பைலில் இதற்கு இரண்டு வரி.

மூன்றாவது, விழுந்தால் என்ன செய்வது. “கோளாறாகி நின்றால் மறுபடி ஓட்டு” என்று ஒரு வரி. அதோடு நிறுத்தினால் போதாது. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் சிஸ்டம்டி பத்தில் ஒரு நொடி இடைவெளியில் எழுப்பும். 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்ப வேண்டி வந்தால், இது தேறாது என்று கைவிட்டுவிடும். கரண்ட் வந்ததும் நம் பெட்டி சீக்கிரம் எழுந்துவிடும், ரவுட்டர் சாவகாசமாகத்தான் எழும். முகவரி கிடைப்பதற்குள் ப்ராக்ஸி ஐந்து முறையும் விழுந்து, மேனேஜர் கைகழுவிவிட்டால் பழைய கதைதான். எனவே “ஒவ்வொரு முறையும் 5 நொடி பொறுத்து எழுப்பு” என்று எழுதியிருக்கிறோம். அந்த இடைவெளியில் 10 நொடிக்குள் 5 முறை என்ற கணக்கே வராது. ஒரு குறிப்பிட்ட முகவரிக்காகக் காத்திருக்காமல், பெட்டியின் எந்த முகவரிக்கு வந்தாலும் கேள் என்றும் மாற்றியிருக்கிறோம்.

நான்காவது, எப்போது தொடங்குவது. இங்கே இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஸ்டார்ட் என்றால் “இன்றைக்கு வேலைக்கு வா”. எனேபிள் என்றால் “வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதியாயிற்று, தினமும் வா”. ஸ்டார்ட் மட்டும் சொன்னால் எல்லாம் ஜோராக ஓடும், அடுத்த கரண்ட் கட் வரை. இரண்டும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. எஸ்.எஸ்.எல்.ஹெச். மென்பொருளை டெபியனின் கிடங்கிலிருந்து நிறுவினால் யூனிட் பைலும் கூடவே வந்துவிடும். அதைத் திறந்து திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அடிபட்டுப் போகும். வங்கியில் அச்சடித்த படிவத்தின் மேல் கிறுக்காமல் இணைப்புத் தாள் வைப்போம் இல்லையா, அதுபோல சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளையால் தனித் தாளில் நம் மாற்றத்தை எழுத வேண்டும். அது தனியாக நிற்கும், அப்டேட் அதைத் தொடாது.

வவுச்சரில் யார் பெயர்?

கணக்குக்காரனாக எனக்கு உறுத்திய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ப்ராக்ஸி நடுவில் வந்தபின், உள்ளே இருக்கும் கவுண்டர்களின் பதிவேட்டில் வருகிறவர் முகவரி தெரியாது. எல்லாரையும் அழைத்து வருவது அதே மேஜைக்காரர் என்பதால், எல்லா வரியிலும் 127.0.0.1, அதாவது “இதே பெட்டியிலிருந்து” என்றே பதிவாகும். தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிக்கும் வெளியாளை அடையாளம் கண்டு தடுக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இதனால் கண் கட்டிவிடும்.

யார் வந்தார், எந்தக் கவுண்டருக்கு அனுப்பப்பட்டார் என்று ப்ராக்ஸி தன் பங்குக்குப் பதிவு செய்கிறது. சிஸ்டம்டியின் குறிப்பேட்டில் அது சேரும். இரண்டு பதிவேட்டையும் நேரம் வைத்துப் பொருத்திப் பார்த்தால் ஆளைக் கண்டுபிடிக்கலாம். டே புக்கையும் லெட்ஜரையும் டிக் அடித்துச் சரிபார்ப்பது போல. வந்தவரின் உண்மையான முகவரியை அப்படியே உள்ளே கொண்டுபோகும் வசதியும் இந்த மென்பொருளில் இருக்கிறது. ஆனால் அதற்குக் கூடுதல் அதிகாரமும் நெட்வொர்க் விதிகளும் தேவை. வாசல் ஆளுக்கு இன்னொரு சாவி வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மாறாக எஸ்.எஸ்.ஹெச்.-இல் கடவுச்சொல் வழியையே மூடி, சாவிக் கோப்பு வைத்திருப்பவர் மட்டும் நுழையும்படி செய்திருக்கிறோம். ப்ராக்ஸி வழிகாட்டிதானே தவிர பூட்டு இல்லை. பூட்டைத் தனியாகப் போட வேண்டும்.

நான்கு சோதனைகள்

ஓடுகிறது என்று சொன்னால் போதாது, விழவைத்துப் பார்க்க வேண்டும். வங்கியில் திடீர் ஆய்வு வருமே, அது மாதிரி. நாங்கள் நான்கு செய்தோம். ஓடிக்கொண்டிருந்த ப்ராக்ஸியை வேண்டுமென்றே கொன்றோம். ஐந்து நொடி கழித்து எழுந்தது. பெட்டியை முறையாக ரீஸ்டார்ட் செய்தோம். யாரும் தொடாமல் பக்கம் வந்தது. பெட்டி, ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் ஒன்றாகப் பிடுங்கி மறுபடி போட்டோம். ரவுட்டர் தயாரானதும் வந்தது. நான்காவதாக, வெளி நெட்வொர்க்கிலிருந்து பக்கத்தையும் எஸ்.எஸ்.ஹெச்.-ஐயும் ஒரே 443 வழியாகத் திறந்து பார்த்தோம்.

ஒரு எச்சரிக்கை. ப்ராக்ஸி வழியாக வெளியிலிருந்து உள்ளே நுழைந்துகொண்டு, அந்த ப்ராக்ஸியின் அமைப்பையே மாற்றாதீர்கள். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை அது. ரீஸ்டார்ட் செய்யும் நொடியில் உங்கள் இணைப்பு அறும். எழுதியது சரியாக இருந்தால் மறுபடி நுழையலாம். ஓர் எழுத்து தப்பினால் வாசலே இல்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து, உள் நெட்வொர்க்கில் நேராக 22 வழியாக நுழைந்து மாற்றுங்கள். மாற்றியபின் டீமன்-ரீலோட் கட்டளையைக் கொடுத்தால்தான் மேனேஜர் புதுக் கடிதத்தைப் படிப்பார் என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி செய்ய வேண்டியது

இத்தனையும் செய்தபின் பெட்டியின் வேலை ஆளை நம்பி இல்லை. ஆனால் பெட்டியைப் பற்றிய விவரம்? அந்த இளைஞர் தலையில் இருந்த ஒரு வரி, இப்போது என் தலையிலும் பி பிளாக்கில் உதவி செய்த ஒரு தம்பியின் தலையிலும் பதினைந்து வரியாக இருக்கிறது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. தம்பிக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரலாம். கமிட்டியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். புரோகிராமை மட்டும் டீமனாக்கிவிட்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் விவரத்தை இரண்டு பேரின் கறுப்புத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தால், நாங்கள் திரையை மூடும் நாளில் மறுபடி லாரி ஹாரன்தான்.

எனவே மூன்று ஏற்பாடு. கட்டளைகளும் யூனிட் பைலும் எழுத்துக்கு எழுத்து அச்சிட்டு, அலுவலக அலமாரியில் சிவப்புக் கோப்பில் வைத்திருக்கிறோம். பக்கம் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது என்ன, அடுத்தது என்ன என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிச் சேர்த்திருக்கிறோம். நுழைவுச் சாவிக் கோப்பின் நகல் ஒன்று முத்திரையிட்ட கவரில் செயலாளரிடமும், அதைத் திறக்கும் சொல் இன்னொரு கவரில் பொருளாளரிடமும் இருக்கிறது. ஸ்ட்ராங் ரூமுக்கு எப்போதும் இரண்டு பேர் சாவிதான். லாரி முறைப் பட்டியலை வாரம் ஒரு முறை காகிதத்தில் எடுத்து செக்யூரிட்டி அறையில் ஒட்டுவதையும் மறுபடி தொடங்கியிருக்கிறோம். கம்ப்யூட்டர் வந்ததும் பேப்பரைக் கைவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எழுதிய காகிதம் உண்மையிலேயே உதவுமா என்று தெரிய ஒரே வழிதான் இருக்கிறது. அடுத்த மாத முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு ப்ராக்ஸியை நிறுத்தி, பதிவேட்டிலிருந்தும் எடுத்துவிடப் போகிறோம். இதுவரை அந்தப் பெட்டியைத் தொட்டே இராத இரண்டு பேர், சிவப்புக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அதை மறுபடி நிற்க வைக்க வேண்டும். நானும் பி பிளாக் தம்பியும் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம், வாய் திறக்க மாட்டோம். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே காகிதத்தைத் திருத்துவோம்.

சாப்ட்வேர் வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கீபோர்டில் பார்த்து அடிக்கத் தெரிந்தால் போதும். இல்லத்தரசிகள், கல்லூரிப் பிள்ளைகள், என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் யாராக இருந்தாலும் சரி. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதுங்கள். இரண்டு பேர் வேண்டும். நான்கு பேர் வந்தால் இன்னும் நல்லது.